மாதவிடாய் வலியும் மருந்துக்கடைக் குளிசைகளும்

மருந்துக்கடைக்குத் தலையிடிக்குக் குளிசை வாங்க வருபவர் குரலைத் தாழ்த்துவதில்லை. பல்வலிக்கு வருபவரும் தாழ்த்துவதில்லை. மாதவிடாய் வலிக்கு மருந்து தேடி வரும் பெண்பிள்ளையோ, கடையில் நிற்கும் மற்றவர்கள் போகுமட்டும் ஓர் ஓரமாக ஒதுங்கி நின்று, பிறகு, "வயிற்றுவலிக்கு ஏதாவது தாருங்கள்" என்று மெல்லக் கேட்கின்றாள். அந்தப் பொதுச்சொல்லைக் கேட்ட கடைக்காரர் சமியாக்குணத்துக்கோ வாயுவுக்கோ உரிய குளிசையை எடுத்துக் கொடுத்துவிடுவதும் உண்டு. அதை விழுங்கிவிட்டு அவள் பாயிலே சுருண்டு கிடக்கின்றாள். கொடுத்த மருந்தில் குற்றமில்லை. கேட்ட நோய் வேறு, இருந்த நோய் வேறு.

ஆதலால் இன்றைய பேச்சில் நான் அந்தச் சொல்லை மறைக்காமலே சொல்லப்போகின்றேன். கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பன்மாரும் தமையன்மாரும் வானொலியை நிறுத்திவிட்டு எழுந்து போகவேண்டியதில்லை. மருந்து வாங்கிவர அனுப்பப்படுகின்றவர்கள் பல வீடுகளில் அவர்களே.

முதலில் இவ்வலி எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்ப்போம். கருப்பையின் வாய் ஒடுங்கியிருப்பதால் வருகின்றது என்று ஒரு காலத்தில் மருத்துவர் சிலர் கருதினர். மனத் தளர்ச்சியுள்ள பெண்களுக்கே இது வரும் என்று எழுதிவைத்தவர்களும் இருந்தனர். நம்முடைய வீடுகளிலோ, "கலியாணம் முடித்து ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பதே பதிலாக இருந்து வந்தது. பிள்ளைப்பேற்றின் பின் சிலருக்கு வலி தணிவது உண்மைதான். எனினும் நாளைக்குப் பரீட்சை எழுதவேண்டிய பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அஃது ஒரு மருந்தாகுமா?

இந்த ஊகங்களுக்கெல்லாம் முடிவுகட்டத் தொடங்கியவர் இங்கிலாந்திலுள்ள செபீல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வி. ஆர். பிக்கிள்ஸ் என்ற உடற்றொழிலியல் அறிஞர். எல்லோரும் அருவருத்து ஒதுக்குகின்ற மாதவிடாய்க் கழிவையே அவர் ஆய்வுகூடத்துக்கு எடுத்துக்கொண்டார். அதிலிருந்து கொழுப்புத்தன்மை வாய்ந்த ஒரு சாற்றைப் பிரித்தெடுத்து, தசைத் துண்டின்மீது இட்டுப் பார்த்தார். தசை இறுகிச் சுருங்கிற்று. கழிவுக்குள்ளே தசையைச் சுருக்கும் பொருளொன்று இருக்கின்றது என்பதை 1957ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அப்பொருள் புறொஸ்ரகிளான்டின் என்னும் இனத்தைச் சேர்ந்தது என்பதும், கடும் வலியுடைய பெண்களிடத்தில் அது மற்றவர்களிடத்தைவிட மிகுதியாகக் காணப்படுகின்றது என்பதும் 1965ஆம் ஆண்டளவில் தெளிவாயின. மனத் தளர்ச்சி என்றும் பாசாங்கு என்றும் சொல்லப்பட்டு வந்த ஒன்று, அளந்து பார்க்கக்கூடிய ஒரு பொருளாகச் சோதனைக் குழாய்க்குள்ளே வந்து நின்றது.

அப்பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சுவீடன் தேசத்து அறிஞரான வொன் ஒயிலர் 1930ஆம் ஆண்டுகளில் இந்தப் பொருளை ஆண்களின் விந்திலே கண்டார். ஆண்களுக்கே உரிய புறொஸ்ரேற் சுரப்பியிலிருந்து இது சுரக்கின்றதென்று எண்ணி அதன் பெயரையே இட்டுவிட்டார். உடலின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலும் இது உண்டாகின்றது என்பது பின்னரே அறியப்பட்டது. பெண்களைப் படுக்கையில் வீழ்த்துகின்ற பொருளுக்கு ஆண்களின் உறுப்பொன்றின் பெயர் வாய்த்தது விந்தையான தற்செயலே.

மாதந்தோறும் கருப்பையின் உட்சுவர் ஒரு கருவை ஏற்பதற்காகத் தடித்து வளர்கின்றது. கரு தங்காதபோது அதனைத் தாங்கி நின்ற புறொஜெஸ்தரோன் என்னும் ஓமோன் குறைந்துவிடுகின்றது. உடனே அச்சுவரின் கலங்கள் புறொஸ்ரகிளான்டினைப் பெருமளவில் ஆக்கத் தொடங்குகின்றன. கருப்பை சுருங்கினாலன்றி அந்தச் சுவர் கழிந்து வெளியேறாது. ஆதலால் சுருக்கம் வேண்டியதே. பொருள் அளவுக்கு மிஞ்சும்போதுதான் தொல்லை உண்டாகின்றது. கருப்பைத் தசை இறுகி, தனக்கு இரத்தம் கொண்டுவரும் நாடிகளையே நெரித்துவிடுகின்றது. விரலொன்றை நூலாற் சுற்றி இறுகக் கட்டினால் அது வெளிறிச் சிறிது நேரத்தில் வலிக்கத் தொடங்குமன்றோ? கருப்பைக்குள்ளும் அதுவே நிகழ்கின்றது. இறுகி விடும்போது வலி, தளர்ந்து கொடுக்கும்போது ஆறுதல், மறுபடியும் வலி. இடுப்பையும் தொடையையும் பற்றி அலையலையாக வருவதன் காரணம் இதுதான்.

இப்பொருளிற் சிறிது இரத்தத்தோடு கலந்து உடலெங்கும் செல்கின்றது. குடலைத் தொட்டால் வயிற்றோட்டம். வாந்தியும் குமட்டலும் தலையிடியும் இதனோடு வருகின்றன. முதல் நாளன்று இரண்டு மூன்று முறை வெளிக்குப் போய்வந்த பிள்ளை, "கண்டதையெல்லாம் தின்றாய்" என்று வீட்டிலே ஏச்சு வாங்குகின்றாள். அவள் தின்றதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இனி மருந்துக்கு வருவோம். அஸ்பிரினும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் உடலில் புறொஸ்ரகிளான்டின் உண்டாவதைத் தடுக்கின்றன என்பதை இலண்டனில் ஜோன் வேன் என்பவர் 1971ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு அவருக்கும், புறொஸ்ரகிளான்டின்களை ஆராய்ந்த சுவீடன் அறிஞர் இருவருக்குமாக வழங்கப்பட்டது. அந்த இனத்து மருந்துகளுள் இன்று மாதவிடாய் வலிக்கு மிகுதியும் பயன்படுவது இபுபுறோபன். நொற்றிங்காம் நகரத்து மருந்து நிறுவனமொன்றில் ஸ்ருவேட் அடம்ஸ் என்பவர் மூட்டுவாத நோயாளருக்கென்று தேடிக் கண்ட மருந்து அது. பெண்களின் வலி அப்போது அவர் தேடலின் நோக்கமாக இருக்கவில்லை. 1969ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் மருத்துவரின் சீட்டுக்கு மட்டும் கொடுக்கப்பட்டு வந்த அந்தக் குளிசையை 1983ஆம் ஆண்டு முதல் சீட்டில்லாமலும் வாங்கலாமென ஆயிற்று.

இங்கேதான், நேயர்களே, இன்றைய பேச்சின் முக்கியமான செய்தி இருக்கின்றது. இம்மருந்து புறொஸ்ரகிளான்டின் உண்டாவதைத் தடுக்கும். உண்டாகி முடிந்ததை அழிக்காது. வாய்க்காலின் மடையை அடைப்பவனுக்கும், வயலில் நிறைந்துவிட்ட வெள்ளத்தை இறைப்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். குளிசை மடையை அடைக்கும், வெள்ளத்தை இறைக்காது. நம் பெண்களிற் பலர் செய்வது என்ன? "தாங்குமட்டும் தாங்குவோம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அரை நாளைப் போக்கிவிட்டு, தாங்கமுடியாத நிலையில் ஒரு குளிசையை விழுங்குகின்றார்கள். அது கேட்பதில்லை. "எனக்கு இந்த மருந்து ஒத்துவராது" என்ற முடிவுக்கு வந்து, அடுத்த மாதம் அதையும் எடுப்பதில்லை. மருந்து தோற்கவில்லை. மடை அடைபடுமுன் வயல் நிறைந்துவிட்டது.

மாதந்தோறும் வலி வருமென்று தெரிந்தவர்கள், உதிரம் காணத் தொடங்கியவுடனே, அல்லது வலியின் முதற் குறி தோன்றியவுடனே, முதற் குளிசையை எடுக்கவேண்டும். இப்பொருள் மிகுதியாக ஊறுவது முதல் இரண்டு நாள்களிலேயாம். அந்த இரண்டு நாள்களுக்கு, வேண்டுமாயின் மூன்றாம் நாளும், வலி திரும்பி ஏறுவதற்கு இடங்கொடாமல் ஒழுங்காக எடுத்துவந்து நிறுத்திவிடலாம். இபுபுறோபன் 200 மில்லிகிராம் குளிசையானால், வளர்ந்தவர்களும் பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளும் ஒன்று அல்லது இரண்டு, நாளொன்றுக்கு மூன்று முறை வரை, உணவின் பின்னர் எடுப்பது வழக்கம். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளில் 1200 மில்லிகிராமுக்கு மேற் செல்லுதல் ஆகாது. வெறும் வயிற்றில் விழுங்குதலும் நன்றன்று. ஒன்றும் உண்ணப் பிடிக்காவிட்டால் ஒரு குவளை பாலோ இரண்டு பிஸ்கற்றோ போதும்.

இவ்வின மருந்துகளைப் பற்றிய 80 பரிசோதனைகளை, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டவற்றை, ஒன்றுசேர்த்து ஆராய்ந்த அறிக்கையொன்று 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்தில்லாத வெறுங் குளிசையை உண்டவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் ஓரளவேனும் நல்ல சுகம் கண்டனரென்றால், மருந்தை உண்டவர்களில் அவ்வாறு சுகம் கண்டவர்கள் நூற்றுக்கு 45 முதல் 53 வரை. இதனை நான் இருபக்கமாகவும் எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன். பயன் பெரிது என்பது ஒன்று. எல்லோருக்கும் அது கிட்டுவதில்லை என்பது மற்றொன்று. ஐந்திலொரு பங்கினருக்கு இம்மருந்துகள் போதியளவு கேட்பதில்லை. அவர்களைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

பனடோல் என்ற பெயரால் நம் நாட்டிற் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பரசிற்றமோலை மறந்துவிட்டேன் என்று எண்ணவேண்டாம். தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் அது நல்ல மருந்து. ஆனால் கருப்பையில் புறொஸ்ரகிளான்டினை அடக்கும் வல்லமை அதற்குக் குறைவு. ஆதலின் மாதவிடாய் வலிக்கு இபுபுறோபன் இனத்தைவிட அது சற்று மெலிந்தது என்பதே ஆய்வுகளின் முடிவு. இபுபுறோபன் ஆகாதவர்களுக்கு அதுவே துணை. வளர்ந்தவர்கள் 500 மில்லிகிராம் குளிசை இரண்டை எடுத்தால், அடுத்த வேளைக்கு நாலு மணித்தியாலமாவது கழியவேண்டும். ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேற்படல் ஆகாது. மிஞ்சினால் ஈரல் கெடும். தடிமனுக்கென்று விற்கப்படும் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோலே அடங்கியிருக்கின்றது. இரண்டையும் சேர்த்து விழுங்கியவர் தாம் இருமடங்கு எடுத்ததை அறியமாட்டார்.

மெபனமிக் அமிலம் என்பதும் இபுபுறோபனின் இனத்ததே. அயல்நாடான இந்தியாவில் மாதவிடாய் வலிக்கு வீடுதோறும் பழகிப்போன மருந்து இதுவென்று சொல்லலாம். பிரித்தானியாவிலோ மருத்துவரின் சீட்டின்றி இதைக் கொடுப்பதில்லை. அளவு மிஞ்சினால் வலிப்பு உண்டாக்கும் தன்மை இதற்கு உண்டு. தோலிலே தடிப்பும், காய்ச்சலும், உள்ளுறுப்புகளின் அழற்சியும் சேர்ந்து வரும் அரிய ஒவ்வாமை ஒன்றைப் பற்றி இந்திய மருந்துத் துறையினர் 2023ஆம் ஆண்டின் இறுதியில் எச்சரிக்கை விடுத்தனர். அரிதென்பதனால் அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் பக்கத்து வீட்டு அக்கா தந்த குளிசையென்று பெயரும் அளவும் அறியாமல் விழுங்குவதற்கு இது ஏற்றதன்று. அஸ்பிரின் இந்த வேலைக்கு மெலிந்தது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவில் மாதவிடாய்க்கென்றே அழகிய பெட்டிகளில் விற்கப்படும் கலப்புக் குளிசைகளும் உண்டு. அவற்றுள் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் பரசிற்றமோல், காப்பியிலுள்ள கபெயின், ஒவ்வாமைக்குக் கொடுக்கும் மருந்தொன்று, இவ்வளவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி அனுப்பி அழைப்பித்துக்கொள்ளத் தக்க பெருமை அதற்கில்லை.

இபுபுறோபன் இனம் யாருக்கு ஆகாது? இரைப்பையிற் புண் உள்ளவர்கள், சிறுநீரக நோயுள்ளவர்கள், அஸ்பிரினை எடுத்து முட்டு வந்து வருந்தியவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள், இவர்களெல்லாம் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. வாந்தியும் வயிற்றோட்டமும் மிகுந்து உடலில் நீர் வற்றியிருக்கும்போதும் சிறுநீரகத்தை எண்ணி இதைத் தவிர்க்கவேண்டும்.

இவற்றைவிட நம் நாட்டுக்குச் சிறப்பாக உரிய ஆபத்தொன்று உண்டு. அதுவே டெங்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர் என ஐயுறப்பட்டுப் பதியப்பட்டனர். டெங்குக் காய்ச்சலில் இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுகள் குறைந்துபோகின்றன. இபுபுறோபன், மெபனமிக் அமிலம், அஸ்பிரின் ஆகியவை அச்சிறுதட்டுகளின் தொழிலையும் கெடுத்து, இரைப்பையையும் புண்ணாக்குகின்றன. இரண்டும் ஒருங்கே கூடினால் இரத்தப்பெருக்கு உண்டாகி உயிருக்கே உலைவைக்கும். காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளில் மாதவிடாயும் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எடுக்கும் குளிசைதானே என்று தாயார் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். கொடுக்கவேண்டாம். உடம்பு சுடுகின்றதாயின் அந்த மாதம் பனடோல் மட்டுமே. உதிரம் வழக்கத்தைவிட மிகுந்து போகின்றதாயின் அதையும் மறைக்காமல் உடனே வைத்தியசாலையிற் சொல்லவேண்டும். காய்ச்சலைச் சொல்லி மாதவிடாயைச் சொல்லாமல் விடுகின்ற வெட்கம், டெங்குக் காலத்தில் மிகவும் கொடியது.

குளிசை வேண்டாமென்பவர்களுக்கும், குளிசையோடு சேர்த்துச் செய்வதற்கும், நம் பாட்டிமார் அறிந்த ஒத்தணம் இருக்கின்றது. இதை வெறும் பாட்டி வைத்தியமென்று தள்ளவேண்டாம். அடிவயிற்றில் பன்னிரண்டு மணித்தியாலம் ஏறத்தாழ 39 பாகை இளஞ்சூட்டை வைத்துப் பார்த்த ஆய்வொன்று 2001ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அந்தச் சூடு இபுபுறோபனுக்கு ஒப்பான சுகத்தைத் தந்தது என்பது அதன் முடிவு. இறப்பர்ச் சுடுநீர்ப் பை வாங்க வசதியில்லாவிட்டால், அரிசியை வறுத்துத் துணியில் முடிந்து வைத்தாலும் சூடு சூடுதான். தோலை வேகவைக்கும் சூடு வேண்டாம். கையைப் பொறுக்கும் சூடே போதும். நடத்தலும் இலேசான உடற்பயிற்சியும் பலருக்கு நன்மை செய்கின்றன. இஞ்சி ஓரளவு வலியைத் தணிப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இஞ்சித் தேநீர் குடித்துப் பார்ப்பதில் நட்டமில்லை. பூப்பெய்திய பிள்ளைக்கு நாம் ஊட்டும் உளுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் நல்ல உணவுகளே. உடலுக்கு ஊட்டமாகும், வலிக்கு மருந்தாகா. அதிகமாக உதிரம் போகின்றவர்கள் இரும்புச்சத்துக் குளிசை எடுப்பதுண்டு. அதைத் தேநீரோடு விழுங்கினால் பெரும்பகுதி வீணே. நம்மிற் பலர் தேநீரோடுதான் எல்லாக் குளிசையையும் விழுங்குகின்றோம்.

மேலே ஒத்திவைத்த ஐந்திலொரு பங்கினருக்கு வருகின்றேன். தக்க மருந்தை, தக்க நேரத்தில், தக்க அளவில் இரண்டு மூன்று மாதம் எடுத்தும் வலி அடங்காவிட்டால், அஃது இன்னும் கூடுதலாகக் குளிசை வாங்கவேண்டிய இடமன்று. மருத்துவரிடம் செல்லவேண்டிய இடம். கருப்பையின் உட்சுவரை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலும் குடலைச் சுற்றியும் வளர்கின்ற நோயொன்று உண்டு. என்டோமெற்றியோசிஸ் என்பது அதன் பெயர். பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களிற் பத்தில் ஒருவருக்கு அது இருக்கின்றதென உலகச் சுகாதார நிறுவனம் கணித்திருக்கின்றது. அதனைக் கண்டுபிடிப்பதற்குப் பல ஆண்டுகள் கழிந்துவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். வலி எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே என்று வீட்டாரும் சொல்லி, சில வேளைகளில் மருத்துவரும் சொல்லி அனுப்பிவிடுவதே அதற்குப் பெருங்காரணம். அந்த நோய்க்கு மருந்துமுண்டு, சத்திரசிகிச்சையுமுண்டு.

முன்பு இல்லாத வலி இருபத்தைந்து, முப்பது வயதிற் புதிதாகத் தொடங்குமாயினும், மாதத்துக்கு மாதம் ஏறுமாயினும், மாதவிடாய் இல்லாத நாள்களிலும் இருக்குமாயினும், உடலுறவின்போதோ மலங்கழிக்கும்போதோ வலிக்குமாயினும், மருத்துவரைக் காணவேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கொரு முறை துணி மாற்றவேண்டி வருதல், ஏழு நாள்களுக்கு மேல் உதிரம் நீடித்தல் ஆகியனவும் காட்டவேண்டியவையே. மணமான பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போய், பின் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி வந்து மயக்கமும் காணுமாயின், கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடும். குளிசை தேடிக்கொண்டிருக்காமல் அந்நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

மருத்துவரிடம் செல்லுமுன் ஒரு கொப்பியில் மூன்று மாதத்துக்குச் சில குறிப்புகளை எழுதிவைப்பது நல்லது. உதிரம் கண்ட தேதி. வலி எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிக்கு ஓய்ந்தது. எந்தக் குளிசையை, எத்தனை மில்லிகிராம், எந்த மணிக்கு எடுத்தோம். எடுத்த பின் எவ்வளவு நேரத்தில் சுகம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ போகாமல் நின்ற நாள்கள் எத்தனை. மருத்துவர் முதலிற் கேட்கும் கேள்விகள் இவைதாம். அவர் கேட்கும்போது பதில் சொல்லவேண்டியவள் அந்தப் பிள்ளையே. உடன் சென்ற தாயார் அல்லர்.